எரியாத புள்ளிகள்

அத்தியாயம் 14

படம் இருட்டாக இருந்தது.

உட்காரச் சொல்லி டாக்டர் வேரா நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தார். ஷோல்பான் உட்காரவில்லை. திரையின் மேல்மூலையில் கொட்டை எழுத்தில் பெயர் இருந்தது. இருந்தும் கேட்டாள்.

"இது யாரோட படம், வேரா பெத்ரோவ்னா?"

"உன் மாமனாரோடது. படிக்கத் தெரியும்ல உனக்கு?"

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஷோல்பானுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

பதினோரு வருடமாக இதே கட்டடத்தின் அடித்தளத்தில் ஸ்கேன் மெஷின் ஓட்டுகிறவள் அவள். நேற்று மட்டும் அவளை உள்ளே விடவில்லை. "சொந்தக்காரங்க படுத்திருந்தா பட்டன் அழுத்தற கை நடுங்கும். வெளிய போய் டீ குடி" என்று வேரா விரட்டிவிட்டிருந்தார். நாலு கோப்பை டீ குடித்தாள். ஒன்றிலும் சர்க்கரை போட்டோமா என்று நினைவில்லை.

இரண்டு சிறுநீரகங்களும் ஆரஞ்சு நிறத்தில் எரிந்தன. காதுக்குக் கீழே உமிழ்நீர்ச் சுரப்பிகள் எரிந்தன. சிறுநீர்ப்பை எரிந்தது. அதெல்லாம் எல்லோருக்கும் எரிவதுதான். ஊசியில் ஏற்றிய மருந்து உடம்பை விட்டுப் போகிற வழி அது. மற்ற இடமெல்லாம், தலையிலிருந்து தொடை வரை, ஒரு புள்ளி இல்லை.

தெருவில் போகிறவன் யாராவது பார்த்திருந்தால் அல்லாவுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போயிருப்பான்.

ஷோல்பான் மட்டும் அந்த ஒரு புள்ளியைத் தேடினாள்.

மாமனார் துலேகென் அல்மாத்தி நகரத்தில் முப்பத்தோரு வருடம், மின்கம்பியில் ஓடும் டிராலிபஸ் ஓட்டியவர். ப்ராஸ்டேட்டில் புற்று என்று தெரிந்து ஆறு வருடம் ஆகிறது. அறுவை நடந்தது, மாதாமாதம் ஊசி போட்டார்கள், இரண்டு விதமான கீமோ கொடுத்தார்கள். பிப்ரவரியில் இரண்டாவது கீமோவும் கைவிட்டதும் வீடே ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து அழுததை மறந்திருக்கமாட்டீர்கள். அன்றைக்கு எழுந்து நின்றவள் ஷோல்பான்தான்.

"இன்னும் ஒரு வழி இருக்கு" என்றாள். "லுட்டீஷியம்."

சமையலறையில் நின்று எல்லோருக்கும் விளக்கினாள். அந்த மருந்து வீட்டு நம்பர் பார்த்துப் போகிற தபால்காரன் மாதிரி. சில புற்றுச் செல்களின் மேல் ஒரு நம்பர் பலகை இருக்கும். மருந்து அந்தப் பலகையைத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டு, தன் பையில் இருக்கிற கதிர்வீச்சை அந்த வீட்டுக்குள் மட்டும் கொட்டும். பக்கத்து வீட்டுக்குச் சேதம் குறைவு. ஆனால் பலகை இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். அதற்குத்தான் இந்தப் படம். பலகை இருக்கும் இடமெல்லாம் எரியும்.

"இந்தத் தடவை எரியணும். புரியுதா? எரிஞ்சாத்தான் மருந்து" என்று மூன்று தடவை சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஆறு வருடமாக எலும்புப் படத்தில் ஒரு இடம் எரிந்தால் அழுது, எரியாவிட்டால் ஆடு அறுத்த குடும்பம் அது. அந்தத் தலையாட்டலை அவள் நம்பியிருக்கக்கூடாது.

"அடுத்த படத்தைப் பாரு" என்றார் வேரா.

ஆரஞ்சு நிறம் போய், சாம்பல் நிறத்தில் உடம்பின் குறுக்குவெட்டு வந்தது. கல்லீரல். அதில் வட்ட வட்டமாக ஏழெட்டு. எதிலும் வெளிச்சம் இல்லை. எல்லாம் அங்கேயே இருந்தன.

"கட்டி இருக்கு. பலகை இல்ல" என்றாள் ஷோல்பான். தன் குரல் யாருடையதோ மாதிரி கேட்டது.

"கழட்டி எறிஞ்சிருச்சு. வேற வேஷம் போட்டுடுச்சு. ரத்தத்துல புற்றுக் கணக்கு காட்டற பி.எஸ்.ஏ. ரெண்டுக்கு மேல ஏறாம சாதுவா உக்காந்திருந்துச்சே, எனக்கு அப்பவே உறுத்துச்சு. வலி ஏறுது, எடை இறங்குது, அந்த நம்பர் மட்டும் நல்ல பிள்ளையா இருக்கு."

"அப்போ லுட்டீஷியம்..."

"எங்க போய் ஒட்டும்? உமிழ்நீர்ச் சுரப்பியிலயும் சிறுநீரகத்துலயும்தான் போய் ஒட்டும். இருக்கிற உமிழ்நீரும் வத்திப்போகும், அவ்வளவுதான்."

"வேற கீமோ? பிளாட்டினம்?"

"அவர் சிறுநீரகம் இருக்கிற நிலைமைக்கா?" வேரா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுத்தமாக இருந்த கண்ணாடி. "அதை விடு. நான் உன்னைக் கூப்பிட்டது அதுக்கில்ல. இதைப் பாரு."

முதுகெலும்பு. மார்புப் பகுதியில் ஒன்பதாவது முள்ளெலும்பு. பின்பக்கச் சுவர் கரைந்து, சதை மாதிரி ஏதோ தண்டுவடத்தின் குழாய்க்குள் கையை நுழைத்திருந்தது.

"கால்ல மரத்துப்போறது, தடுமாறறது ஏதாவது சொன்னாரா?"

"அவரு எதையும் சொல்றவர் இல்ல."

"இன்னிக்கே கூட்டிட்டு வா. நான் கதிர்வீச்சுப் பிரிவுல பேசிட்டேன், ஆறு மணி வரைக்கும் ஆளுங்க இருப்பாங்க. ஸ்டீராய்டு ஏத்தி, அஞ்சு நாள் கதிர் கொடுத்தா நடப்பார். நாளைக்குன்னா என்னால சொல்லமுடியாது. கரடுமுரடான ரோட்ல ஒரு குலுக்கல் போதும்."

"அதுக்கப்புறம்? எத்தனை மாசம்?"

"காலைப் பத்தி மட்டும் பேசுவோம், ஷோல்பான்."

வெளியே நடைபாதைக்கு வந்து போனை எடுத்தாள். ஸ்கேன் பகுதியில் போன் எடுக்காது. சிக்னல் வந்ததும் அது கையில் துடித்தது. கொழுந்தன் மீராஸிடமிருந்து ஒன்பது அழைப்புகள்.

அப்பாவை ஒவ்வொரு தடவையும் காரில் கூட்டிவருகிறவன் அவன்தான். பதிவில் கொடுத்திருந்தது அவன் நம்பர். வேரா காலையிலேயே ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டிருப்பார். கையெழுத்து விழுந்த நிமிடம் அது தானாகவே அந்த நம்பருக்குப் போய்விடும்.

அழைத்தாள். ஒரே மணியில் எடுத்தான்.

"அண்ணி! சுயின்ஷி!"

நல்ல சேதி கொண்டுவருகிறவன் சேதிக்கு முன்னால் கத்துகிற சொல் அது. கேட்கிறவர் அவனுக்குப் பரிசு கொடுத்தே ஆகவேண்டும். சில வீடுகளில் சட்டையைக் கழற்றிக் கொடுப்பார்கள், சில வீடுகளில் குதிரையை. கொடுத்ததைத் திரும்பக் கேட்டதாக எந்த வீட்டிலும் சரித்திரம் இல்லை.

"என்ன செல்லப்பிள்ளை?" என்றாள். கணவன் வீட்டு ஆண்களின் பெயர் மருமகள் வாயில் வரக்கூடாது. பன்னிரண்டு வயதுப் பொடியனாக இருந்தபோது அவள் வைத்த பட்டம், இருபத்தெட்டு வயதிலும் அவனை விடவில்லை.

"என்னவா? அந்த ஆஸ்பத்திரியிலயே குடியிருக்கீங்க, உங்களுக்கு முன்னாடி டாக்ஸி ஓட்டறவனுக்குத் தெரிஞ்சுபோச்சு! அப்பா படம் சுத்தம். ஒரு புள்ளி கூட எரியல!"

"நீ ரிப்போர்ட்டை முழுசா படிச்சியா?"

"முதல் வரியே போதுமே அண்ணி. 'நோய் இடங்களில் மருந்து சேர்ந்ததற்கான அடையாளம் காணப்படவில்லை.' தடிச்ச எழுத்துல போட்டிருக்கான். கீழ ஏதோ அஞ்சு வரி லத்தீன். அதையெல்லாம் படிக்கறதுக்குத்தான் உங்களை வீட்ல வெச்சிருக்கோம்."

"அதைத்தான் நான்..."

"அப்பாகிட்ட சொல்லிட்டேன்! பதினோரு மணிக்கே வீட்டுக்குப் போய், கதவைக் கூடத் தட்டாம உள்ள நுழைஞ்சு கத்தினேன். அப்பா எழுந்து நின்னுட்டார். 'கேளுடா, என்ன வேணும்'னார். நான் என்ன கேட்டேன் தெரியுமா?"

ஷோல்பானுக்குத் தெரிந்தது. தெரியக்கூடாது என்று நினைத்தாள்.

"அக்மராலைக் கேட்டேன் அண்ணி! சரின்னுட்டார்!"

ஏழு மாதமாக அப்பனும் பிள்ளையும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளாததற்குக் காரணம் அக்மரால்தான். முப்பது வயது. ஒரு வீட்டில் வாழ்ந்து விவாகரத்து வாங்கி வந்தவள். மீராஸுக்கு அவள்தான் உலகம். துலேகென் முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருந்தார். ஏன் என்று சொல்லவில்லை.

"நாங்க இப்ப அவ வீட்டுக்குத்தான் போயிட்டிருக்கோம். அம்மா காதுல கிடந்த கம்மலைக் கழட்டி டப்பியில வெச்சுட்டாங்க. இன்னிக்கே அவ காதுல போட்டு நிச்சயம் பண்ணிடணுமாம், அப்பா மனசு மாறறதுக்குள்ள. அம்மா, அண்ணிகிட்ட பேசுங்க, ஸ்பீக்கர்லதான் இருக்கு!"

"ஷோல்பான்!" மாமியார் குல்சிமின் குரல். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பிரித்துச் சொல்லமுடியாத குரல். "ஒரு புள்ளி எரியக்கூடாதுன்னு மூணு வாரமா தொழுதேன்டி. ஆண்டவன் காதுல விழுந்துருச்சு. உன் கை ராசியான கை. உன் மெஷினும் ராசியான மெஷின்."

"அத்தை, கொஞ்சம் வண்டியை நிறுத்தச் சொல்லுங்களேன். ஒரு விஷயம்..."

"வண்டியை நிறுத்தறதா? கம்மல் போடப் போறப்ப நடுவழியில நிக்கக்கூடாதுடி, அபசகுனம். வீட்டுக்கு வந்து பேசிக்கலாம். நீ போய் அத்தாவைப் பாத்துக்கோ, ஒத்தையில இருக்காரு. நாளைக்கு விடியும் முன்ன ஜார்கெண்ட் பக்கம் அவங்க அண்ணன் கிராமத்துக்குக் கிளம்பறாரு, நேர்ல சொல்லணுமாம்."

"ஜார்கெண்ட்டா?" முந்நூறு கிலோமீட்டர். கடைசி நாற்பது கிலோமீட்டரில் ரோடு என்று ஒன்று கிடையாது.

"அண்ணன் குதிரையில ஒரு சுத்து சுத்திட்டு வர்றேங்கறாரு. கேட்டியா கூத்தை?"

சிரிப்போடு போன் அணைந்தது.

அடுத்ததாகக் கணவனை அழைத்தாள். தவ்லெத் இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி, அத்திராவ் எண்ணெய் வயலில் ஷிஃப்டில் இருந்தான். பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்தது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

"இருக்கீங்களா?"

"இருக்கேன். நீ சொல்லாதே."

"யாரு சொல்றது பின்ன?"

"கெட்ட சேதி சொல்றதுக்குன்னு ஒரு முறை இருக்கு. பெரியப்பா, இமாம், நான். மூணு ஆம்பிளைங்க போய் உக்காந்து, டீ குடிச்சு, ஊர்க்கதை பேசி, மெல்லமா இறக்கணும். வீட்டு மருமக ஒத்தையில நின்னு மாமனார் மூஞ்சிக்கு நேரா சொல்ற விஷயமா இது? பதினோரு நாள்ல ஷிஃப்ட் முடியுது. வந்துடறேன்."

"பதினோரு நாள்ல உங்கப்பா நடக்கமாட்டார்."

இயந்திரம் இரைந்தது.

"ஏதாவது பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போ."

"என்ன பொய்?"

"நீ பாத்துக்கோ, ஷோல்பான். இதெல்லாம் உனக்குத்தானே தெரியும்."

"ஆமா. எனக்குத்தான் தெரியும்" என்று போனை வைத்தாள்.

மணி மூன்றரை.

வீடு ஐந்து மாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. படியேறும்போதே பொய்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். மெஷின் பழுது, திரும்ப எடுக்கணும். நம்பமாட்டார். ஒரு கையெழுத்து வேணும். நாளை மறுநாள் போடறேன் என்பார். கதவுக்கு முன்னால் வந்து நின்றபோது கையில் ஒன்றும் மிச்சமில்லை.

கதவு தானாகத் திறந்தது.

"மெஷின்காரி வந்துட்டா!" என்றார் துலேகென்.

கல்யாண வீடுகளுக்கு மட்டும் போடும் கருநீலக் கோட்டுப் போட்டிருந்தார். எடை குறைந்ததில் கோட்டு அவர்மேல் தொங்கியது. கன்னத்தில் புதிதாகச் சவரம் செய்த கீறல். சுவரோரமாக ஒரு பழைய பை, பாதி அடுக்கியது.

"உள்ள வா, பொண்ணே. உக்காரு. இன்னிக்கு டீ நான் ஊத்தறேன்."

"அத்தா, நீங்க போய்..."

"உக்காருன்னா உக்காரணும். பதினாறு வருஷமா நீ ஊத்தி நான் குடிச்சாச்சு. ஒரு நாள் தலைகீழா இருந்தா கூரை இடிஞ்சு விழாது."

பாலை முதலில் ஊற்றி, அதன்மேல் கருஞ்சாயத்தை விட்டார். கோப்பை விளிம்பு வரை நிரப்பிவிட்டார். விருந்தாளியை எழுந்து போகச் சொல்வதானால்தான் அப்படி நிரப்புவார்கள். ஊற்றிப் பழக்கமில்லாத கை. ஷோல்பான் வாங்கிக்கொண்டாள். மேஜையில் எண்ணெயில் பொரித்த உப்பலான ரொட்டியும் குதிரைக்கறித் துண்டுகளும் இருந்தன. கறியில் ஒன்று கடிபட்டு அப்படியே கிடந்தது.

"நான் ஏன் அந்தப் பொண்ணை வேண்டாம்னேன், தெரியுமா உனக்கு?"

"விவாகரத்து ஆனவன்னு..."

"ஏன், விவாகரத்து ஆனவளுக்கு ரெண்டு கண்ணு கிடையாதா? அதெல்லாம் இல்ல." குரலைத் தாழ்த்தினார், வீட்டில் வேறு யாரோ இருப்பது போல. "நான் எப்போ போவேன்னு எனக்கே தெரியாம இருந்தேன். கல்யாணத்தைப் பண்ணி வைக்கறோம், அவ இந்த வாசப்படியில கால் வைக்கறா, ரெண்டு மாசத்துல நான் போய்ச் சேர்றேன். ஊர் என்ன சொல்லும்?"

ஷோல்பான் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அவ கால் வெச்ச நேரம்னு சொல்லும். ஏற்கெனவே ஒரு வீட்டை விட்டு வந்தவ, இந்த வீட்டுக்கு வந்து பெரியவரை முழுங்கினாள்னு சொல்லும். உங்க அத்தையே சொல்லுவா. மனசார நல்லவதான், ஆனா சொல்லுவா. அந்தப் பொண்ணு அதுக்கப்புறம் எங்க போவா? அதான் வாயை மூடிட்டு இருந்தேன். என் பிள்ளை என்னைக் கல்நெஞ்சுக்காரன்னு நினைச்சா நினைச்சுக்கட்டும்னு விட்டேன்."

சிரித்தார். முன்பல் ஒன்று தங்கம்.

"இப்ப அந்தக் கவலை இல்ல பாரு. சுத்தம்! ஒரு புள்ளி இல்ல! இனி அவ தாராளமா வரலாம்."

ஒரே ஒருவரின் உயிரோடு முடிகிற விஷயமாக இது இருந்தால் ஷோல்பான் கணவன் சொன்னபடி வாயைக் கட்டிக்கொண்டிருப்பாள். ஆனால் கம்மல் டப்பியோடு ஒரு கார் ஊருக்குள் போய்க்கொண்டிருந்தது.

"ஏன் முகத்தை இப்படி வெச்சிருக்கே? ஓ!" தொடையில் தட்டிக்கொண்டார். "உன்னை விட்டுட்டேனே! அவன் வெறும் வாய். சேதி உன் மெஷின்லேர்ந்துதானே வந்தது? உனக்கும் சுயின்ஷி உண்டு. கேளு. என்ன வேணும்? வெக்கப்படாதே. கேட்டதைக் கொடுக்கலைன்னா நான் துலேகென் இல்ல."

அவளுக்குத் தேவையாக இருந்த பொய் அதுவாகவே வந்து மடியில் விழுந்தது. அது பொய்யாகவும் இல்லை.

"எதைக் கேட்டாலும் கொடுப்பீங்களா அத்தா?"

"கொடுப்பேன்."

"ஏன்னு கேக்கக்கூடாது."

"சுயின்ஷிக்கு எவன் ஏன்னு கேப்பான்?"

"இப்பவே என்கூட ஆஸ்பத்திரிக்கு வாங்க. ஜார்கெண்ட் வேண்டாம். அஞ்சு நாள் அங்க இருக்கணும்."

துலேகென் டீ பாத்திரத்தை மேஜையில் வைத்தார். சத்தமே வராமல் வைத்தார்.

கீழே தெருவில் ஒரு பஸ் நின்று கிளம்பியது.

"சுயின்ஷிக்குச் சட்டை கேப்பாங்க" என்றார். "ஆடு கேப்பாங்க. ஒருத்தன் என் தொப்பியைக் கேட்டான். ஆஸ்பத்திரிக்கு வான்னு இதுவரைக்கும் எவனும் கேட்டதில்ல."

"அத்தா..."

"எரியலன்னானே அவன்?"

"எரியல."

"எரியலன்னா நல்லதில்லையா?"

சின்னக் குழந்தை கேட்பது மாதிரி கேட்டார். அதுதான் அவளால் தாங்கமுடியவில்லை.

"இந்தத் தடவை எரிஞ்சிருக்கணும் அத்தா. எரிஞ்சாத்தான் மருந்துக்கு வழி தெரியும். நோய் அங்கயேதான் இருக்கு. வெளிச்சம்தான் இல்ல."

சொல்லிவிட்டாள். மூன்று ஆண்கள் உட்கார்ந்து டீ குடித்து இறக்கவேண்டிய சுமை. இரண்டு மூச்சில் முடிந்துபோனது.

அவர் கேட்டுக்கொண்டார். கடித்து வைத்திருந்த கறித்துண்டைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினார். பிறகு திடீரென்று கோட்டுப் பைகளைத் துழாவினார்.

"போன்! என் போன் எங்க? குல்சிமைக் கூப்பிடு. கம்மலைப் போடவேண்டாம்னு சொல்லு. நான் சரி சொன்னது இந்தச் சேதியை நம்பித்தானே? சேதியே இல்லைன்னா... சீக்கிரம் கூப்பிடு!"

ஷோல்பான் எண்ணைத் தொடும் முன்பே போன் அலறியது. குல்சிம்.

"போட்டாச்சு!" பின்னால் நாலைந்து பெண்களின் கூச்சல், கார் ஹாரன். "ரெண்டு காதுலயும் போட்டாச்சு! சம்பந்தி அம்மா எங்களைக் கட்டிப்பிடிச்சு ஒரே அழுகை. இரு, நாங்க கார்லதான் இருக்கோம். அக்மராலையும் கூட்டிட்டு வர்றோம். அத்தாகிட்ட நேர்ல ஆசி வாங்காம விடமாட்டாளாம். டீ சுட வையி ஷோல்பான், அஞ்சு நிமிஷத்துல வந்துடுவோம்!"

துலேகென் போனைக் கையில் வாங்கினார்.

"வாங்க" என்றார். "சந்தோஷமா வாங்க." குரல் ஒரு இழை கூடப் பிசகவில்லை.

போனை அணைத்தார். மருமகளைப் பார்த்தார்.

"அவ இந்தப் படியில கால் வைக்கறதுக்கு முன்னாடி என்னைக் கீழ கொண்டுபோய்டு. கார்ல ஏத்திடு. அவ வர்றப்ப நான் ஏற்கெனவே ஆஸ்பத்திரியில இருக்கணும். அவ வந்தப்புறம் போனதா இருக்கக்கூடாது. புரியுதா?"

"புரியுது அத்தா."

மேஜையில் கையூன்றி எழுந்தார். ஓர் அடி வைத்தார். வலது கால் வந்தது.

இடது கால் வரவில்லை.

குனிந்து அதைப் பார்த்தார். வேறு யாரோ அங்கே விட்டுப்போன சாமான் மாதிரி அது தரையில் இருந்தது. "காலையில கொஞ்சம் இழுத்துச்சு" என்றார். "சந்தோஷத்துலன்னு நினைச்சேன்."

பதினாறு வருடத்தில் மாமனாரின் கைவிரல் கூட அவள்மேல் பட்டதில்லை. அவர் கையை இழுத்துத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டாள், இடுப்பைப் பிடித்துத் தூக்கினாள். காற்றடைத்த கோட்டைத் தூக்குவது போலிருந்தது. செருப்பு மாட்ட நேரமில்லை. கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் படியில் இறங்கினாள்.

ஒரு படி. அவர் கைப்பிடியைப் பற்றினார். இன்னொரு படி. இடது பாதம் ஒவ்வொரு படியிலும் தட்டித் தட்டி விழுந்தது.

"வலிக்குதா?"

"அதான் இல்ல. வலிச்சா நல்லா இருக்கும்."

இரண்டாம் மாடித் திருப்பத்துக்கு வந்தபோது வலது காலும் மடிந்தது. அவர் சுவரோடு சரிந்தார். அவளும் சேர்ந்து சரிந்து, ஜன்னலுக்குக் கீழே இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள்.

கீழே நீளமாக ஹாரன் ஒலித்தது. கார்க் கதவுகள் அடித்துச் சாத்தப்பட்டன. கட்டடத்தின் இரும்புக் கதவு திறந்தது. புது மருமகளை வரவேற்கக் குல்சிம் கைநிறைய மிட்டாய் அள்ளி இறைத்திருக்கவேண்டும், படிகளிலும் சுவரிலும் பொலபொலவென்று சத்தம் கேட்டது. "வலது காலை வைம்மா முதல்ல, வலது காலை!" என்ற அவள் குரல் கிணற்றிலிருந்து வருவது போல மேலே ஏறி வந்தது.

துலேகென் மருமகளின் காதருகே வாயைக் கொண்டுவந்தார்.

"அவ வர்றதுக்கு முன்னாடியே விழுந்துட்டேன்னு சொல்லு. காலையிலயே விழுந்துட்டேன்னு சொல்லு. நேரம் முக்கியம், பொண்ணே."

"செல்லப்பிள்ளை உங்களைப் பதினோரு மணிக்கு நின்னபடி பாத்தானே அத்தா."

துலேகென் இரண்டு கைகளாலும் தன் காலைப் பிடித்து இழுத்து, வழியை மறிக்காமல் சுவரோரமாக ஒதுக்கி வைக்கப் பார்த்தார்.

கீழே முதல் படியில் ஒரு புதுச் செருப்பின் குதிகால் சத்தம் கேட்டது. பிறகு இரண்டாவது படியில்.